நொய்யல் நலமா? பாட்டில் தண்ணீர் சொல்லாததைக் கல்லுக்கடியில் இருக்கும் பூச்சி சொல்லும்

பருவமழை தொடங்கினால் போதும், கோவை, திருப்பூர் வாட்ஸ்அப் குழுக்களில் அந்த வீடியோ வந்துவிடும். பாலத்துக்குக் கீழே நொய்யல் ஓடுகிறது. தண்ணீர் தெரியவில்லை, பஞ்சுப்பொதி மாதிரி வெள்ளை நுரைதான் தெரிகிறது. காற்றடித்தால் நுரை ரோட்டுக்குப் பறந்து வருகிறது. பைக்கில் போகிறவர்கள் நிறுத்தி போட்டோ எடுக்கிறார்கள். இரண்டு நாளில் அதிகாரிகள் தண்ணீர் மாதிரி எடுத்துச் சென்றதாகச் செய்தி வரும். பிறகு நுரை அடங்கும், செய்தியும் அடங்கும். அடுத்த வருஷ மழைக்கு மறுபடி அதே வீடியோ.

இதற்கு நடுவில் ஒரு எளிய கேள்விக்குப் பதில் கிடைப்பதே இல்லை. இந்த ஆறு போன வருஷத்தைவிடத் தேறியிருக்கா, மோசமாகியிருக்கா? நுரை வந்தால் மோசம், வராவிட்டால் நலம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா? ஒரு ஆறோ ஓடையோ ஆரோக்கியமாக இருக்கிறதா என்பதை எப்படித்தான் அளக்கிறார்கள்? நொய்யலையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

நொய்யல்: ஒரே ஆற்றில் நான்கு ஆறுகள்

கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலைகளில் பிறக்கும் ஓடைகள் சேர்ந்து நொய்யலாகின்றன. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாகச் சுமார் 160 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் கலக்கிறது.

மலையடிவாரத்தில் இது பாறையும் கூழாங்கல்லும் நிறைந்த குளிர்ந்த ஓடை. சமவெளிக்கு வந்ததும் சித்திரைச்சாவடி போன்ற அணைக்கட்டுகள் இதன் வெள்ளத்தை வாய்க்கால்களில் திருப்பிக் குளங்களுக்கு அனுப்புகின்றன. உக்கடம் பெரியகுளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர் குளம் எல்லாம் இந்த வலைப்பின்னலின் கண்ணிகள். கோவை நகரத்துக்குள் வந்ததும் ஆறு கழிவுநீரைச் சுமக்கிறது. திருப்பூரைத் தாண்டும்போது சாயத்தொழிலின் சுவடும் சேர்ந்துகொள்கிறது.

அதனால் 'நொய்யல் எப்படி இருக்கு?' என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. எந்த இடத்தில், எந்த மாதத்தில், எதை வைத்து அளந்தோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

இப்போது எப்படி அளக்கிறார்கள்?

ஆற்றிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் வழக்கமான முறை. அங்கே பார்க்கும் எண்களில் இரண்டு முக்கியம்.

ஒன்று, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். 25 டிகிரி செல்சியஸில் சுத்தமான தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். இது 4-க்குக் கீழே போனால் பல மீன்களுக்கு மூச்சுத் திணறல்.

இன்னொன்று, செய்திகளில் அடிக்கடி வரும் பி.ஓ.டி. தண்ணீரில் கலந்திருக்கும் கழிவை பாக்டீரியாக்கள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் செலவாகும் என்பதன் அளவு இது. இந்தியாவில் மாதிரியை 27 டிகிரியில் 3 நாள் வைத்திருந்து, எவ்வளவு ஆக்சிஜன் குறைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். சாக்கடை அதிகம் கலந்திருந்தால் பி.ஓ.டி. அதிகமாக இருக்கும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆற்று நீரை எந்தப் பயன்பாட்டுக்குத் தகுதியானது என்று ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறது. குளிக்கத் தகுதியான 'பி' வகைக்குக் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்குக் குறைந்தது 5 மில்லிகிராம், பி.ஓ.டி. அதிகபட்சம் 3 மில்லிகிராம். இந்த 3 என்ற எண்தான் எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் அந்தப் பகுதி 'மாசடைந்த ஆற்றுப் பகுதி' என்ற பட்டியலுக்குள் வரும். 30-ஐத் தாண்டினால் முதல் முன்னுரிமை, அதாவது படுமோசம்.

2018-ல் வாரியம் வெளியிட்ட பட்டியலில் நாடு முழுக்க 351 மாசடைந்த பகுதிகள். 2022 பட்டியலில் அது 311. எண் குறைந்திருக்கிறது, நல்ல செய்திதானே? இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

2018 பட்டியலில் தமிழ்நாட்டில் ஆறு பகுதிகள் இருந்தன. காவிரி, பவானி, தாமிரபரணி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி. நொய்யல் பெயர் அதில் இல்லை! கரையில் நிற்கும் யாருக்கும் மூக்கே சொல்லிவிடும் ஒரு விஷயம் பட்டியலில் வரவில்லை. பட்டியல் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. எந்த இடத்தில், எதை அளக்கிறோமோ அது மட்டும்தான் பட்டியலுக்கு வரும். அவ்வளவுதான்.

பாட்டில் எதையெல்லாம் தவறவிடுகிறது?

முதலாவது, நேரம். பாட்டில் தண்ணீர் என்பது ஒரு நொடியின் போட்டோ. காலை 11 மணிக்கு மாதிரி எடுத்தால் 11 மணி நிலைமைதான் தெரியும். ராத்திரி 2 மணிக்கு யாராவது கழிவைத் திறந்துவிட்டிருந்தால், அது விடிவதற்குள் பல கிலோமீட்டர் போயிருக்கும். மழை வெள்ளத்தோடு சேர்த்துக் கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்பது நொய்யல் கரை விவசாயிகளின் நீண்டநாள் புகார். மாதம் ஒரு பாட்டில் எடுத்து அதைப் பிடிக்க முடியாது.

ஆக்சிஜன் அளவும் நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும். பாசி மண்டிய தண்ணீரில் மதிய வெயிலில் பாசி ஆக்சிஜனைத் தயாரித்துத் தள்ளும். அளந்தால் 'சூப்பர்' என்று வரும். ராத்திரி அதே பாசி ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். விடியற்காலை 5 மணிக்கு மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஆபீஸ் நேரத்தில் எடுக்கும் மாதிரியில் அந்த 5 மணி கதை இருக்காது.

இரண்டாவது, உப்பு. பி.ஓ.டி. என்பது சாக்கடையைப் பிடிக்கும் வலை. உப்பு அந்த வலையில் விழாது, ஏனென்றால் பாக்டீரியா உப்பைத் தின்பதில்லை. நொய்யலின் பெரிய காயமே உப்புதான். பருத்தித் துணியில் சாயம் ஒட்டுவதற்குச் சாயத்தோடு ஏராளமான உப்பு சேர்ப்பார்கள். வேலை முடிந்ததும் துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பு கழிவுநீரோடு போய்விடும். திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் பாசனத்துக்காக ஒரு அணை கட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் தொட்டியானது. தண்ணீர் கேட்டுப் போராட வேண்டிய விவசாயிகள், 'அணையைத் திறக்காதீங்க' என்று கேட்கும் நிலை வந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2009-ல், மாசுபடுத்தியவரே இழப்பீடும் சீரமைப்புச் செலவும் தர வேண்டும் என்ற கொள்கையை நீதிமன்றம் உறுதிசெய்தது. கழிவுநீர் தொடர்ந்து ஆற்றுக்கு வந்ததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியே விடாமல், சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறைக்கு மாறியவர்கள்தான் திறக்க முடிந்தது.

இவ்வளவு பெரிய கதையில் பி.ஓ.டி. மட்டும் பார்த்திருந்தால் பாதிக் கதை காணாமல் போயிருக்கும்.

மூன்றாவது, ஆற்றின் உடம்பு. மணல் இருக்கிறதா, கரையில் மரம் இருக்கிறதா, தண்ணீர் தானாக ஓடுகிறதா என்பதெல்லாம் பாட்டிலுக்குள் வராது.

பூச்சி எப்படிச் சாட்சி சொல்லும்?

மலையடிவார ஓடையில் ஒரு கூழாங்கல்லைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டிக்கொண்டு சின்னச்சின்ன உயிர்கள் இருக்கும். தட்டையான உடம்பும் பின்னால் மெல்லிய வால் இழைகளும் கொண்டது மே பூச்சியின் குஞ்சு. வேகமாக ஓடும் ஆக்சிஜன் நிறைந்த தண்ணீரில் மட்டும் வாழ்வது கல்பூச்சி. மணலையும் இலைத்துணுக்கையும் எச்சிலால் ஒட்டித் தனக்கென ஒரு கூடு கட்டிக்கொண்டு ஊர்வது கூட்டுப்புழு. இவை வளர்ந்ததும் இறக்கை முளைத்துப் பறந்துவிடும். அதுவரை சில வாரங்களிலிருந்து பல மாதங்கள் வரை தண்ணீருக்குள்தான் வாழ்க்கை.

அதுதான் விஷயம். இந்தப் பூச்சியால் ஓடிப்போக முடியாது. ராத்திரி 2 மணிக்கு வந்த கழிவும் இதன் மேல்தான் போகும், விடியற்காலை 5 மணிக்கு ஆக்சிஜன் குறைந்தாலும் இதற்குத்தான் மூச்சு முட்டும். மூன்று மாதத்தில் ஒரே ஒரு நாள் விஷம் வந்திருந்தாலும், மென்மையான பூச்சிகள் அங்கே இருக்காது. பாட்டில் ஒரு நொடியைச் சொல்கிறது. பூச்சி பல மாதக் கணக்கைச் சொல்கிறது.

மறுபக்கம், சாக்கடைத் தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும் உயிர்கள் உண்டு. சேற்றில் நெளியும் சிவப்புப் புழு ஒன்று. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் இதன் உடம்பிலும் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு. குறைந்த ஆக்சிஜனையும் பிடித்துவைக்க அது உதவுகிறது. இன்னொன்று எலிவால் புழு. நீண்ட வாலைக் குழாய் மாதிரி மேலே நீட்டிக் காற்றை இழுக்கும். தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலை இல்லை.

பூச்சியை எப்படி மார்க்காக மாற்றுவது?

1970-களின் கடைசியில் பிரிட்டனில் இதற்கு ஒரு எளிய முறை உருவானது. ஒவ்வொரு பூச்சிக் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். மாசைத் தாங்கவே முடியாத குடும்பத்துக்கு 10. எதையும் தாங்கும் மண்புழு வகைக்கு 1.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மலையடிவார ஓடையில் வலை போட்டதில் ஏழு குடும்பங்கள் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டு வகை மே பூச்சிகள் (தலா 10), கல்பூச்சி (10), ஒரு தும்பிக் குஞ்சு (8), வலை பின்னும் கூட்டுப்புழு (5), மாசைக் கொஞ்சம் தாங்கும் இன்னொரு மே பூச்சி (4), சிவப்புப் புழு (2). மொத்தம் 49. ஏழால் வகுத்தால் சராசரி 7.

நகரத்துக்குக் கீழே அதே வலையில் நான்கு குடும்பங்கள்தான். அட்டை (3), சாக்கடை நத்தை (3), சிவப்புப் புழு (2), மண்புழு வகை (1). மொத்தம் 9, சராசரி 2.25.

ஏழுக்கும் இரண்டேகாலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. மலையடிவாரத்திலும் சிவப்புப் புழு இருந்தது என்பதையும் கவனியுங்கள். கெட்ட பூச்சி இருப்பது நோயின் அடையாளம் கிடையாது. நல்ல பூச்சி இல்லாமல் போவதுதான் நோய்.

'மீன் இருக்கே, அப்போ நல்ல தண்ணிதானே?'

குளக்கரையில் தூண்டில் போடுபவர்களைப் பார்த்துப் பலரும் கேட்கும் கேள்வி. பதில், எந்த மீன் என்பதைப் பொறுத்தது.

ஜிலேபி என்று நாம் சொல்லும் திலேப்பியா ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கலங்கல், குறைந்த ஆக்சிஜன், கொஞ்சம் உப்பு என எல்லாவற்றையும் தாங்கும். ஆப்பிரிக்கக் கெளுத்திக்குக் காற்றையே நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு உண்டு. கொசுவை ஒழிக்க விட்ட கப்பி மீனும் சாக்கடையில் குட்டி போடும். ஒரு நீர்நிலையில் இவை மட்டும் ஏராளமாக இருந்தால், அது ஆரோக்கியத்துக்குச் சான்று ஆகாது. மற்ற மீன்கள் காலிசெய்துவிட்டுப் போன வீட்டில் இவை குடியேறியிருக்கின்றன என்று அர்த்தம்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் கார் என்ற உயிரியலாளர் 1981-ல் மீன்களை வைத்தே ஓடையின் நலத்தை அளக்கும் முறையை வெளியிட்டார். எத்தனை மீன் என்பதோடு அவர் நிற்கவில்லை. எத்தனை உள்ளூர் இனம், எத்தனை மென்மையான இனம், யார் எதைத் தின்கிறார்கள், எத்தனை மீன்களுக்கு உடம்பில் புண் என்றெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டார். இன்றைக்கும் உலகம் முழுக்கப் பின்பற்றும் அணுகுமுறை அது.

கோடையிலும் ஓடும் நொய்யல்: நல்லதா?

நொய்யல் இயல்பில் பருவகால ஆறு. மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் மணல். முன்னோர் அதற்கு ஏற்றபடிதான் வெள்ளத்தைக் குளங்களில் தேக்கினார்கள்.

இப்போது நகரத்துக்குக் கீழே கோடையிலும் தண்ணீர் ஓடுகிறது. வெளியூர்க்காரர் பார்த்தால் 'ஆறு நல்லா ஓடுதே' என்பார். ஓடுவது வீட்டுக் கழிவுநீர். குழாய் வழியாக நகரத்துக்கு வந்த தண்ணீர், கழிவறையும் சமையலறையும் தாண்டி ஆற்றில் இறங்குகிறது. வற்ற வேண்டிய ஆறு வற்றாமல் இருப்பதும் ஒரு நோய்க்குறிதான்.

இதில் மதிப்பீடு செய்பவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. கோடையில் மணலாகக் கிடக்கும் இடத்தில் பூச்சி இல்லை என்று 'செத்த ஆறு' என எழுதிவிட முடியாது. அது அந்த ஆற்றின் சுபாவம். அதேபோல, சமவெளியின் மணற்படுகையில் மலை ஓடையின் கல்பூச்சியைத் தேடி ஏமாறவும் கூடாது. நோயாளியை அவர் வயதுக்கும் உடல்வாகுக்கும் ஏற்றபடிதானே டாக்டர் பார்ப்பார்? ஆற்றையும் அப்படித்தான். அந்த வகை ஆறு, அந்த மாதத்தில், மனிதர் கெடுக்காமல் இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதோடு ஒப்பிட வேண்டும். அதற்கு அளவுகோலாக, இன்னும் கெடாத ஒரு இடம் வேண்டும். இதற்குப் பிறகு வருவோம்.

நுரை எதைச் சொல்கிறது?

துணி சோப்பு, பாத்திர சோப்பு, சலவைத் தூள் எல்லாம் சாக்கடை வழியாக ஆற்றுக்கு வருகின்றன. தண்ணீர் தடுப்பணையிலிருந்து விழும்போது காற்றோடு கலந்து நுரைக்கிறது. வறண்ட மாதங்களில் ஓடைகளிலும் கால்வாய்களிலும் தேங்கிய கழிவை முதல் மழை ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு வருவதால், மழையின் தொடக்கத்தில் நுரை அதிகம். ஆலைக் கழிவும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

ஆனால் நுரையை மட்டும் நம்பவும் கூடாது. காட்டு ஓடையிலும் இலை மக்கிய சாறு அருவிக்குக் கீழே பழுப்பு நுரை கட்டும். அதற்கு மண்வாசனை இருக்கும், விரைவில் உடையும். உப்பு ஏறிய தண்ணீரோ நுரையே இல்லாமல் கண்ணாடி மாதிரி தெளிவாகத் தெரியலாம். கண்ணுக்கு அழகாக இருப்பது உயிருக்கு நல்லதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஐரோப்பா கற்ற பாடம்

'சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும்' என்பது நம் ஊரில் பொதுவான நம்பிக்கை. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் எதுவும் நடக்காது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது முதல் படிதான்.

ஐரோப்பிய நாடுகள் பல பத்தாண்டுகள் செலவுசெய்து ஆற்று நீரின் வேதியியலைப் பெரிய அளவில் சரிசெய்தன. தண்ணீர் தெளிந்தது. எதிர்பார்த்த அளவுக்கு உயிர்கள் திரும்பவில்லை. ஆறுகளை நேர்கோடாக்கி, கரையில் கான்கிரீட் போட்டு, தடுப்பணைகளால் துண்டாக்கி வைத்திருந்தார்கள். தண்ணீர் சுத்தமாகியும் குடியிருக்க வீடு இல்லை.

2000-ல் ஐரோப்பிய ஒன்றியம் தண்ணீருக்கான புதிய சட்டத்தைக் கொண்டுவந்தபோது, 'தண்ணீரில் என்ன வாழ்கிறது' என்பதை மதிப்பீட்டின் மையத்தில் வைத்தது. பூச்சி, மீன், நீர்த்தாவரம், பாசி ஆகிய நான்கில் எது மிக மோசமோ அதுதான் ஆற்றின் மதிப்பெண். மூன்றில் நூறு வாங்கி ஒன்றில் ஃபெயில் ஆனால், மொத்தமும் ஃபெயில். இவ்வளவு கறாராக இருந்தும், ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமையின் 2024 அறிக்கைப்படி 37 சதவீத மேற்பரப்பு நீர்நிலைகள் மட்டுமே நல்ல சூழலியல் நிலையில் இருக்கின்றன. பணமும் சட்டமும் இருக்கும் இடத்திலேயே இதுதான் நிலைமை.

நொய்யலுக்கு இது ஏன் முக்கியம்? ஆற்றுச் சீரமைப்பு என்றதும் நம் ஊரில் முதலில் வருவது பொக்லைன். தூர்வாரி, கரையைச் சரித்து, கல் பதித்து, மேலே நடைபாதை. நடக்க இடம் கிடைப்பது நகரவாசிகளுக்கு நல்ல விஷயம். ஆனால் கரையோர நீர்மருதும் நாவலும் புங்கனும் போனால் நிழல் போகும், தண்ணீர் சூடாகும், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். மரம் உதிர்க்கும் இலைதான் சிறு ஓடையின் சாப்பாடு. இலை இல்லாவிட்டால் அதைத் தின்னும் பூச்சி இல்லை, பூச்சியைத் தின்னும் மீனும் இல்லை. கூழாங்கல்லும் மணலும் போய்க் கான்கிரீட் வந்தால் ஒளிந்துகொள்ள இடமில்லை. பி.ஓ.டி. மட்டும் பார்த்தால் இப்படி ஒரு திட்டம் வெற்றி என்றே வரும். பூச்சிக் கணக்கு எடுத்தால் தோல்வி என்று வரும். எந்த அளவுகோலை வைக்கிறோமோ, அதற்குத்தான் பணம் செலவாகும்.

நம்மிடம் இந்த முறை இல்லையா?

இருக்கிறது. யமுனையில் நெதர்லாந்தோடு சேர்ந்து நடத்திய ஆய்வை அடிப்படையாக வைத்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே பூச்சிகளைக் கொண்டு நீரின் தரத்தைச் சொல்லும் அளவுகோலை உருவாக்கியிருக்கிறது. மாசைத் தாங்கும் தன்மைக்கு 0 முதல் 10 வரை ஒரு எண், எத்தனை வகை உயிர்கள் என்பதற்கு 0 முதல் 1 வரை ஒரு எண். இரண்டையும் சேர்த்து 'சுத்தம்' முதல் 'கடும் மாசு' வரை ஐந்து வகுப்புகள்.

மாசடைந்த ஆறுகளின் பட்டியலுக்கு வழி காட்டுவது இன்னமும் பி.ஓ.டி.தான் என்பதே சிக்கல். ஐந்து வகைப் பயன்பாட்டுத் தரத்தையும் பாருங்கள்: குடிக்க, குளிக்க, சுத்திகரித்துக் குடிக்க, மீன் மற்றும் வனவுயிர்களுக்கு, பாசனத்துக்கு. ஐந்தில் ஒன்றுதான் உயிர்களுக்கானது. அதிலும் நாம் அளப்பது அமில காரத் தன்மை, ஆக்சிஜன், அம்மோனியா. உயிர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதில்லை.

நாம் என்ன செய்யலாம்?

தென்னாப்பிரிக்காவில் 'மினிசாஸ்' என்று ஒரு எளிய முறை இருக்கிறது. 13 பூச்சிக் குழுக்களை மட்டும் அடையாளம் தெரிந்தால் போதும். பள்ளி மாணவர்களே ஓடையில் இறங்கி மார்க் போடுகிறார்கள். ஒரு சல்லடை, ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு போன் கேமரா. கோவை, திருப்பூர் கல்லூரிகளில் விலங்கியல் துறைகளுக்குப் பஞ்சமில்லை. மலையடிவாரம், பேரூர், சூலூர், திருப்பூர், ஒரத்துப்பாளையம் என ஐந்து இடங்களில், மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை கணக்கெடுத்தாலே ஐந்து வருஷத்தில் நொய்யல் தேறுகிறதா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கிடைத்துவிடும். ஒரு எச்சரிக்கை: நகரத்துக்குக் கீழே வெறுங்காலோடு, கையுறை இல்லாமல் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

அடுத்த முறை உங்கள் ஊரில் 'ஆறு சீரமைப்பு' என்று திட்டம் அறிவித்தால் மூன்று கேள்வி கேளுங்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். வேலை தொடங்கும் முன் அங்கே என்னென்ன உயிர்கள் இருந்தன என்று கணக்கு எடுத்தீர்களா? பி.ஓ.டி.யோடு உப்பின் அளவையும் பார்க்கிறீர்களா? முடிந்த பிறகு எந்த எண்ணைக் காட்டி வெற்றி என்று சொல்வீர்கள்?

கடைசியாக, பாதியில் விட்ட விஷயம். நொய்யலுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. அதன் தலைப்பகுதி காட்டுக்குள் இருக்கிறது, இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆறு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அளவுகோல் அந்த ஓடைகள்தான். கீழே தண்ணீர் ஒருநாள் சுத்தமானால் மே பூச்சிகளும் மீன் குஞ்சுகளும் எங்கிருந்து வரும்? அங்கிருந்துதான் மிதந்தும் நீந்தியும் பறந்தும் வரும். விதைநெல் மாதிரி.

விதைநெல்லைச் சமைத்துத் தின்றுவிட்டால் அடுத்த போகம் இல்லை. பெயர்கூட இல்லாத அந்த மலையடிவார ஓடைகளில் கட்டடம் ஏறாமல், கரை மரம் சாயாமல், தண்ணீர் திரும்பாமல் பார்த்துக்கொள்வது நுரை வீடியோவில் வராத வேலை. நொய்யலின் மீதி நீளம் தேறுமா என்பது பெரும்பாலும் அந்த வேலையைப் பொறுத்தே இருக்கிறது.